விற்று வழங்கியவரும் விட்டுச் சென்றவரும்

தந்தையின் பத்திரிகைத் தொழிலை ஏற்று வளர்த்த அமெரிக்கர்களில் வால்டர் அனன்பர்க் (1908–2002), நெல்சன் பாய்ன்டர் (1903–1978) இருவரும் ஒப்புநோக்கத் தக்கவர்கள். இருவருமே கொடையாளர்கள். எதைக் கொடுத்தார்கள் என்பதில்தான் அவர்கள் வேறுபடுகிறார்கள்.

அனன்பர்க்குக்கு வந்த சொத்து கறையோடு வந்தது. பிலடெல்பியா இன்குவைரர் நாளிதழின் அதிபரான தந்தை மோசஸ், வருமான வரி ஏய்ப்புக்காகச் சிறை சென்று, விடுதலையானதும் 1942-இல் இறந்தார். குலைந்துபோன நிறுவனத்தை மகன் நிமிர்த்தினார். 1944-இல் 'செவன்டீன்' இதழையும், வீடுகளில் தொலைக்காட்சி பெருகிய 1953-இல் 'டிவி கைட்' வார இதழையும் தொடங்கிப் பெருஞ்செல்வரானார்.

பாய்ன்டரின் தந்தை 1912-இல் வாங்கிய செயின்ட் பீட்டர்ஸ்பர்க் டைம்ஸ், ஃபுளோரிடாவின் சிறுநகர ஏடு. 1947-இல் அதன் பெரும்பான்மைப் பங்குகள் மகன் கைக்கு வந்தன. அதே ஆண்டில், பத்திரிகை உடைமையாளருக்கான நெறிகளை அவர் எழுதிவைத்தார். பத்திரிகை உடைமை புனிதமான பொறுப்பு என்பதும், ஊழியருக்கு லாபத்தில் பங்கு வேண்டும் என்பதும் அவற்றில் அடங்கும்.

இருவரின் மனப்பான்மையும் அவரவர் ஏட்டின் பக்கங்களில் தெரிந்தது. தமக்குப் பிடிக்காதவர்களின் பெயரே இன்குவைரரில் வராமல் அனன்பர்க் பார்த்துக்கொண்டார் என்ற குற்றச்சாட்டு நீடித்தது. 1966 மாநில ஆளுநர் தேர்தலில் வேட்பாளர் மில்டன் ஷாப்புக்கு எதிராக ஏட்டையே ஆயுதமாக்கினார். பாய்ன்டரின் ஏடோ, ஃபுளோரிடா நெடுஞ்சாலை ஆணையத்தின் முறைகேடான செலவுகளை அம்பலப்படுத்தி, 1964-இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் விருது பெற்றது.

அனன்பர்க் 1969-இல் இன்குவைரரை விற்றார். 1988-இல் எஞ்சிய இதழ்களை ரூபர்ட் மர்டாக்குக்குச் சுமார் 300 கோடி டாலருக்கு விற்றார். 1993-இல் மட்டும் நான்கு கல்வி நிறுவனங்களுக்கு 36.5 கோடி டாலரும், அரசுப் பள்ளிகளின் சீர்திருத்தத்துக்கு 50 கோடி டாலரும் அறிவித்தார். எண்ணற்ற மாணவர்களைத் தொட்ட கொடை அது. அதன் பெருமையைக் குறைத்துப் பேச இடமில்லை.

பாய்ன்டரிடம் அத்தனை பணம் இல்லை. 1975-இல் இதழியல் பயிற்சிக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். 1978-இல் இறந்தபோது தம் ஏட்டையே அதற்கு உரிமையாக்கிச் சென்றார். இன்றைய பாய்ன்டர் நிறுவனம் அதுவே. இந்த வழியிலும் இடர் உண்டு: அச்சு வருவாய் சரிந்தபோது ஏடும் சுருங்கியது, அதை நம்பியிருந்த பயிற்சி நிறுவனமும் நெருக்கடி கண்டது. ஆயினும், டாம்பா பே டைம்ஸ் என்று பெயர் மாறிய அந்த ஏடு எந்தப் பெருங்குழுமத்தின் கைக்கும் போகவில்லை.

பத்திரிகைச் செல்வம் வாசகரின் நம்பிக்கையிலிருந்து விளைவது. ஆகவே அந்த நம்பிக்கைக்குக் காவலாக ஏட்டை நிறுத்திச் செல்வதே பத்திரிகை அதிபரின் முதற்கடன். மற்ற கொடைகள் அதற்குப் பின்னரே. இன்குவைரரின் பிற்கால வரலாறும் இதையே சொல்கிறது. பல கைகள் மாறி, திவாலும் கண்ட அந்த நாளிதழை, ஜெர்ரி லென்ஃபெஸ்ட் என்ற கொடையாளர் 2016-இல் லாப நோக்கற்ற அமைப்பிடம் ஒப்படைத்தார். பாய்ன்டர் தெரிந்தெடுத்த பாதைக்கு அனன்பர்க்கின் ஏடும் ஒருநாள் வந்தே ஆகவேண்டியிருந்தது.