வாசகனும் குமாஸ்தாவும்

பல பக்கங்களைத் திறந்தே வைத்திருக்கும் ஆசை பழசு. 1588இல் ராமெல்லி என்ற இத்தாலியப் பொறியாளர் வெளியிட்ட புத்தகச் சக்கரத்தில், உட்கார்ந்த இடத்திலிருந்தே பல நூல்களைச் சுழற்றி வாசிக்கலாம். நூல் விரிந்தபடியே திரும்பி வரும்.

இணைய உலாவியின் 'டேப்' வேறு குடும்பம்: ஆபீஸ் கோப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் பெயர்த்துண்டு. 2001இல் மொஸில்லாவில் வந்தது; 2006இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7உம் ஏற்றது. பக்கம் மறைந்து பெயர் மட்டும் மிஞ்சுகிறது. எண்ணிக்கை கூடினால் பெயரும் நசுங்குகிறது. மூடினா தொலைஞ்சுபோகுமேன்னு நாமும் மூடுறதில்ல. வாசகன் நிலுவைக் கோப்புகளோடு மல்லாடும் குமாஸ்தாவாகக் கட்டமைக்கப்படுகிறான்.

2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4, பக்கங்களை மேசைமேல் பரப்புவதுபோல் சிறு படங்களாகக் குவித்துவைக்க இடம் தந்தது. பயன்படுத்துவோர் சொற்பம் என்று 2016இல் நீக்கிவிட்டார்கள். 2020இல் குரோம் கொண்டுவந்த குழுக்களோ, அதே பட்டைக்கு அடித்த வண்ணம்தான்.