திரும்பத் திரும்பப் படித்த நூல்: வடபுல முஸ்லிம்களும் சீறாப்புராணமும்

"உங்களுக்குப் பிடித்த நூல் எது?" என்று இன்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வோம். நம் மூத்தவர்களிடம் கேட்டிருந்தால் பெரும்பாலோர் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள்: சீறா. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு ஒரு காப்பியம் பிடித்த நூலானது எப்படி? இக்கட்டுரை அதைப் பற்றியது.

உமறுப் புலவர் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாடியது சீறாப்புராணம். எட்டயபுரத்துக் கடிகைமுத்துப் புலவர் அவருக்குத் தமிழ் ஆசான். நூலுக்கு வேண்டிய செய்திகளைத் தந்தவர் சதக்கத்துல்லா அப்பா அவர்கள். பாடத் தூண்டியவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்று மூன்று காண்டங்கள், 5027 விருத்தங்கள். நபிகளாரின் வாழ்க்கையை முழுவதும் பாடி முடிக்கும் முன்பே நூல் நின்றுவிட்டது. எஞ்சிய வரலாற்றைப் பின்னர் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா'வாகப் பாடினார்.

சீறா அச்சேறியது 1842இல். செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் பதிப்பித்தார். உமறுப் புலவர் மறைந்தது 1703இல் என்பர். ஆக, ஏறத்தாழ 140 ஆண்டுகள் அது ஏட்டிலும் வாயிலுமாகவே வாழ்ந்திருக்கிறது. பள்ளிவாசல் முற்றத்திலோ வசதியான ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ இரவில் கூடுவார்கள். ஒருவர் விருத்தத்தை இராகத்தோடு இழுத்துப் படிப்பார். இன்னொருவர் பதம் பிரித்துப் பொருள் சொல்வார். கேட்டவர்களுக்கு நூல் காது வழியே வந்தது. அடுத்த வருடமும் அதே படலம் வரும். கதை தெரிந்தவர்கள்தான் இன்னும் ஆவலாகக் கேட்பார்கள்.

இந்த முறையை நான் சரியாக விளங்கிக்கொண்டது முரசுமோட்டைக்குப் படிப்பிக்க வந்த பிறகுதான். பரந்தன் – முல்லைத்தீவு வீதியில், இரணைமடுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு நடுவே உள்ள ஊர் இது. வன்னிக் கோயில்களில் புராண படனம் இன்னும் நடக்கிறது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட கந்தபுராணத்தை ஒருவர் படிக்க, மற்றவர் பயன் சொல்வார். திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம் படிப்பார்கள். வகுப்பில் செய்யுள் என்றாலே முகம் சுளிக்கிற பிள்ளை, கோயிலில் கேட்ட கதையை விருத்தத்தின் ஓசை பிசகாமல் சொல்லுவான். "எங்களிடமும் இது இருந்ததடா" என்று அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். "இப்ப இல்லையா, சேர்?" என்று அவன் கேட்டான்.

சீறாவுக்கு மக்கள் திரும்பத் திரும்ப வந்ததற்கு நூலிலேயே காரணம் இருக்கிறது. நாட்டுப் படலத்தைப் பாருங்கள். புலவர் பாடுவது அரபு நாட்டை. ஆனால் அங்கே மழை பெய்கிறது, ஆறு பெருகுகிறது, உழுகிறார்கள், நாற்று நடுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள். தமிழ்க் காப்பிய மரபு அது என்று பல்கலைக்கழகத்தில் படித்தேன். வயல்காரனுக்கு மரபு தெரிய வேண்டியதில்லை. தன் வயலைத்தான் பாடுகிறார்கள் என்று அவன் நினைத்திருப்பான். 'மானுக்குப் பிணை நின்ற படலம்' இன்னொன்று. வேடனிடம் அகப்பட்ட பிணைமான், குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சுகிறது. நபிகளார் அதற்குப் பிணை நிற்கிறார்கள். மான் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வருகிறது. பிள்ளைக்கும் விளங்கும், பெரியவருக்கும் கண் கலங்கும்.

வீட்டுக்குள் வேறு நூல்கள் இருந்தன. ஆலிப் புலவர் 1590இல் பாடிய மிஃராஜ் மாலை, பெண்புத்தி மாலை, இளவரசி கேட்ட கேள்விகளுக்கு அப்பாஸ் விடை சொல்லும் நூறு மசலா, அரபுத் தமிழ்க் கிதாபுகள். இவற்றைக் காத்து வந்ததில் பெண்களின் பங்கு பெரிது. நம் இலக்கிய வரலாறுகள் அதை இன்னும் சரியாக எழுதவில்லை.

பிறகு வந்தது அழிவுக் காலம். 1981இல் யாழ் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன. 1990 ஒக்டோபரில் கிளிநொச்சி உட்பட வட மாகாணம் முழுவதிலுமிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். 70,000 பேருக்கும் மேல். அப்போது எனக்கு 11 வயது. கையில் எடுத்தது உடுப்பும் பிள்ளைகளும்தான். கிதாபுப் பெட்டி வீட்டிலேயே நின்றுவிட்டது. புத்தளத்து முகாமில், கிடுகுக் கொட்டிலுக்குள், மான் கதையை உம்மம்மா எங்களுக்குச் சொன்னா. பாட்டில் பாதி அவவுக்கு மறந்துபோயிருந்தது. கதை மறக்கவில்லை. கூடிப் படித்த நூலில் அவ்வளவாவது மிஞ்சும். ஆனால் கூட்டம் சிதறினால் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பாதியும் கிடைக்காது.

எல்லாப் பழியையும் யுத்தத்தின் மேல் போட முடியாது. யுத்தம் தொடாத ஊர்களிலும் சீறா படிப்பது நின்றுபோயிற்று. "அதில் ஆதாரமற்ற செய்திகள் இருக்கின்றன" என்ற பேச்சும் அதற்கு ஒரு காரணம். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஹதீஸை ஹதீஸ் கலையின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும். காப்பியத்தைக் காப்பியமாகப் படிக்க வேண்டும். பொருள் சொல்கிறவர் இடையில் நிறுத்தி, "இது புலவரின் கற்பனை, இது வரலாறு" என்று பிரித்துச் சொன்னால் போதும். பொருள் சொல்லுதல் என்ற முறையே அதற்குத்தானே இருக்கிறது! சந்தேகம் வந்ததும் நூலையே மூடி வைத்ததால், முந்நூறு வருடத் தமிழையும் சேர்த்து மூடிவிட்டோம்.

இந்நாட்டவரான கலாநிதி ம.மு. உவைஸ் 1953இலேயே தமிழுக்கு முஸ்லிம்கள் செய்த தொண்டை ஆங்கிலத்தில் நூலாக்கி உலகறியச் செய்தார். செய்குத்தம்பிப் பாவலர் சீறாவுக்கு உரை எழுதித் தந்தார். நூல் இருக்கிறது, உரை இருக்கிறது, ஆராய்ச்சியும் இருக்கிறது. கூடுகிற பாய்தான் சுருட்டிக் கிடக்கிறது.

ஒரு கணக்குச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம், கிழமைக்கு 100 பாட்டு என்று வைத்தால், 5027 பாட்டும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். 100 அதிகம் என்றால் 50, இரண்டு வருடம். படிக்க ஒருவர், பொருள் சொல்ல ஒருவர் வேண்டும். ஊருக்கு ஒரு தமிழ் ஆசிரியரும் ஒரு மௌலவியும் இல்லாமலா போய்விட்டார்கள்? மீள்குடியேறிய ஊர்களில் பள்ளிவாசலைக் கட்டிவிட்டோம். வருகிற ரபீஉல் அவ்வலில் முதற் படலத்தைத் தொடங்கலாம். பாதிப் பாட்டாவது நினைவில் உள்ள உம்மம்மாமார் இன்னும் சிலர் நம்மோடு இருக்கிறார்கள். அவர்களை முன்வரிசையில் இருத்துவோம்.