தோட்டத்துக் கதையை எழுதிய டாக்டர்



பெரட்டு, கிராணி, கங்காணி, லயம் என்று வீட்டில் தாத்தா பாட்டிமார் பேசக் கேட்டிருப்பீர்கள். இன்று தொழிற்சாலைகள் நிற்கும் இந்த ஜூரோங்கிலும், 1961இல் தொழிற்பேட்டை வேலை தொடங்குமுன் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. நம்மவர் தோட்டங்களில் பட்ட பாட்டை யாராவது எழுதி வைத்தார்களா? வைத்தார்கள். அவர்களில் ஒருவர் டாக்டர்.

பி. எச். டானியல் என்பது அவர் பெயர். 1940களில் தமிழ்நாட்டின் வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியம் பார்த்தவர். மருந்து கொடுத்ததோடு நிற்காமல், வயதான தொழிலாளர்களிடம் பழைய கதைகளைக் கேட்டறிந்தார். அவற்றைக் கொண்டு 1969இல் 'ரெட் டீ' என்னும் நாவலை வெளியிட்டார்.

கதை 1920களில் நடக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் மழையில்லை, வேலையில்லை. கருப்பனிடமும் அவன் பெண்சாதி வள்ளியிடமும் மேஸ்திரி ஒருவன் வந்து முன்பணம் நீட்டுகிறான். கொஞ்ச காலம் உழைத்தால் கைநிறையக் காசோடு ஊர் திரும்பலாமாம்! மலையேறிய பிறகல்லவா தெரிகிறது! குளிர், அட்டைக்கடி, அடிஉதை, ஆளையே தூக்கிக்கொண்டு போகும் மலேரியா. வருஷக் கடைசியில் கணக்குப் பார்த்தால், முன்பணமும் சாப்பாட்டுச் செலவும் கழிந்து கடன்தான் மிச்சம். கடன் தீராமல் ஊருக்கு எப்படிப் போவது? இது ஏதோ வேற்றூர்க் கதை என்று நினைத்துவிடாதீர்கள். மலாயாத் தோட்டங்களுக்கும் கங்காணிமார் இப்படித்தான் ஆள் கட்டினார்கள். 1938இல் இந்திய அரசு தடை போட்ட பிறகே அது நின்றது.

டானியலுக்கு முன்பே, 1935இல், புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைத் தமிழிலேயே எழுதிவிட்டார். பின்லாந்து நாட்டிலும் சில்லான்பா என்றொருவர், 1888இல் ஏழைக் குத்தகைக் குடியானவர் வீட்டில் பிறந்து, அந்த ஏழைகளைப் பற்றியே எழுதி 1939இல் நோபல் பரிசு பெற்றார். அவர் எழுதியது தம் மக்கள் பேசிய மொழியில்.

டானியல் எழுதியதோ ஆங்கிலத்தில். கதை சொன்ன கிழவர்களில் எத்தனை பேருக்கு அது எட்டியிருக்கும்? இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழாக்கியது 2007இல். முப்பத்தெட்டு வருஷம்! தன் வீட்டுக் கதையைத் தன் மொழியில் படிக்க ஒரு தலைமுறையே காத்திருக்க வேண்டியதாயிற்று.

2013இல் இந்த நாவலைத் தழுவி இயக்குநர் பாலா 'பரதேசி' படம் எடுத்தார். படம் பார்த்தவர்கள் புத்தகத்தையும் தேடிப் படியுங்கள். மலேரியாவோடு மல்லுக்கட்டும் ஆபிரகாம் என்ற டாக்டர் அதில் வருகிறார். படத்து டாக்டர் வேறு மாதிரி. எனக்கென்னவோ புத்தகத்து டாக்டரைத்தான் பிடிக்கிறது.