ஸென்னா, கேவிஎம்மா?

மக்களே, ஆபீஸ்ல புது ஆணி. ஒரே சர்வர்ல பல சர்வர் ஓட்டணும். ஸென்னா, கேவிஎம்மான்னு நான் சொல்லணுமாம். ரெண்டும் இலவசம். சரி, பழைய கதையைக் கிளறினேன்.

2003ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல ஸென் பிறந்தப்போ இன்டெல் சிப்புல இதுக்குன்னு வசதியே கிடையாது. அதனால உள்ளே ஓடற லினக்ஸையே திருத்தி ஓட்டினாங்க. வேகம் அசத்தல்! 2006ல் அமேசான் ஈசி2 ஆரம்பிச்சதே ஸென் மேலதான். ஆனா ஸென்னுக்கான திருத்தங்கள் முழுசா லினக்ஸ் கெர்னலுக்குள்ள சேர 2011 ஆச்சு. அதுவரை திண்ணைதான், பாவம்.

இதுக்குள்ள, 2005லயே சிப்புல அந்த வசதி வந்தாச்சு. அதை நம்பி எழுதின கேவிஎம், 2007 பிப்ரவரியில நேரா கெர்னலுக்குள்ள போய் உக்காந்துடுச்சு. 2017ல் அமேசானே புது சர்வர்களுக்குக் கேவிஎம் வழிக்கு மாறினாங்க.

கேவிஎம்னு மெயில் தட்டிட்டேன். சொதப்பினா உருளப்போறது என் தலை :-)