ஆலய வீரர் சங்கத்தின் முடிவு

டெம்பிளர் எனப்படும் ஆலய வீரரைக் குறித்துப் பேசுமிடத்து, அவர்தம் புதையலையும் சாபத்தையும் பற்றியே பலரும் வினவுகின்றனர். நாமோ 1310-ஆம் ஆண்டுப் பாரிசு நகரை நோக்குவோம்.

யாத்திரீகரைக் காக்கும்பொருட்டு ஏறத்தாழ 1119-இல் எருசலேமில் தோன்றிய இச்சங்கத்தார், சாலொமோனின் ஆலயம் நின்றதாகக் கருதப்பட்ட இடத்தில் தங்கியதால் இப்பெயர் பெற்றனர். துறவியின் பொருத்தனையையும் வாளையும் ஒருங்கே ஏற்ற இவர்களைக் கிளேர்வோவின் பெர்நார்து புகழ்ந்தெழுதினார். அப்புகழுரை நமக்குச் சங்கடமே தருகிறது. 1291-இல் ஆக்கர் வீழ்ந்தபின் பணி போயிற்று, செல்வம் எஞ்சிற்று.

அவர்களிடம் கடன்பட்டிருந்த பிரெஞ்சு மன்னன் நான்காம் பிலிப்பு, 1307 அக்டோபர் 13-ஆம் நாள் தன் நாட்டிலிருந்த வீரரைச் சிறைப்படுத்தினான். பாரிசில் விசாரிக்கப்பட்ட 138 பேரில் நால்வர் தவிர ஏனையோர் ஏதேனும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டனர். சித்திரவதை அத்தகையது! பின்னர், போப்பு நியமித்த விசாரணைக் குழுவின் முன்பாக வீரர் பலர் சங்கத்துக்காக வாதாட முன்வந்தனர். அதுவே அவர்களுக்குக் கேடாயிற்று. ஒப்புக்கொண்டவர் மன்னிப்புப் பெறலாம்; ஒப்புக்கொண்டபின் மறுத்தவரோ மறுபடியும் வேதப்புரட்டில் விழுந்தவராக எண்ணப்பட்டனர். மன்னனுடைய அமைச்சரின் சகோதரரான சான்ஸ் பேராயர் கூட்டிய மாகாண மன்றம் தீர்ப்பளிக்க, 1310 மே 12-ஆம் நாள் 54 பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர்.

1312-இல் வியேன் நகரில் கூடிய திருச்சபைப் பேரவையில், போப்பு ஐந்தாம் கிளெமெந்து குற்றத்தீர்ப்புக் கூறாமலே சங்கத்தைக் கலைத்தார். சங்கத்தின் தலைவர் ழாக் தெ மொலே 1314 மார்ச்சில் எரிக்கப்பட்டபோது, மன்னனையும் போப்பையும் ஓராண்டுக்குள் தேவனுடைய நியாயாசனத்திற்கு முன் வரும்படி அழைத்தார் என்பர். இருவரும் அவ்வாண்டே மரித்தது மெய். சாபமோ பிற்காலத்தில் வளர்ந்த கதை. மொலேக்கு 1308-இலேயே, கிளெமெந்து அனுப்பிய கர்தினால்மார் மூவர் ஷினோன் கோட்டையில் பாவமன்னிப்பு அளித்திருந்தனர். அதைக் கூறும் ஆவணம் 2001-இல் வத்திக்கான் காப்பகத்தில் கண்டெடுக்கப்பட்டது.