முறை மாறினும் பெயர் மாறலாகாது



மூடுபனி இறங்கிய ஒரு பிற்பகலில் எங்கள் பாடசாலை அலுவலகத்துக்கு ஒரு பெண்மணி வந்தார். இருபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலையிற் படித்து விலகியவர். அவருடைய குடும்பம் குடியிருந்த லயத்தில் தீப்பற்றியபோது, வீட்டுச் சாமான்களோடு பத்திரங்களும் எரிந்து போயின. தமது விடுகைப் பத்திரத்தின் பிரதி ஒன்று வேண்டும் என்பதே அவர் வேண்டுகோள்.

அவர் காலத்துச் சேர்வு இடாப்போ ஈரத்தாற் பாழடைந்து, தாளோடு தாள் ஒட்டிக் கிடந்தது. மலைநாட்டு மழை காகிதத்தின் பகை என்பதை அறிந்தே, பல ஆண்டுகளுக்கு முன்னர் அந்த இடாப்பிலுள்ள பெயர்களையெல்லாம் கணினியில் ஏற்றி வைத்திருந்தோம். ஆகவே கவலையின்றி அலுவலக மடிக்கணினியைத் திறந்தேன். அதற்கு முந்திய வாரந்தான் அதன் பணிசெயல் முறைமை மாற்றப்பெற்றுப் புதியதொன்று நிறுவப்பட்டிருந்தது. கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, திறக்கவும் திறந்தது. ஆனால் அதிலே தமிழ் இல்லை. தமிழ் என்னும் சொல் இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும், அவற்றின் பின்னே ஓர் அரைப்புள்ளியும் நின்றன. அவ்வாறே நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பெயர்களும் பொருளற்ற எழுத்துக் கூட்டங்களாய்க் காட்சி தந்தன. எதிரே நிற்பவரின் பெயர் அவற்றுள் எது என்று என்னாற் சொல்ல இயலவில்லை.

பழக்கமான பொத்தான் இடம் மாறிவிட்டது, பழைய பட்டியல் காணாமற் போயிற்று என்பன போன்ற இடர்ப்பாடுகள் சின்னாட்களில் நீங்கிவிடும். பெயர் தொலைவது அத்தகையதன்று. அதிலும் மலையகத் தமிழருக்குப் பெயர் தொலைவது இன்னதென்று வரலாறு நன்றாய்க் கற்பித்திருக்கிறது. அந்த வரலாற்றை முதலிற் சிறிது நோக்குவோம்.

நம் மலைகளிலே முறைமை மாற்றம் புதிதன்று. தேயிலைக்கு முன் இம்மலைகளை ஆண்டது கோப்பி. 1869ஆம் ஆண்டிலே இலைத்துரு என்னும் பூஞ்சண நோய் கோப்பிச் செடிகளைப் பற்றியது. இரு பதிற்றாண்டுகளுக்குள் அப்பயிர் அழிந்தொழிந்தது. அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரவிலே 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டிருந்தார். தமது பங்களாவின் விறாந்தையில் மேசை மீது இலையைக் கையால் உருட்டித் தேயிலை செய்து பழகியவர் அவர். 1900ஆம் ஆண்டளவில் தேயிலை மூன்றரை இலட்சம் ஏக்கருக்கு மேற் பரவிவிட்டது.

இம்மாற்றம் செடியை மட்டுமா மாற்றியது? கோப்பி பருவப் பயிர். அறுவடைக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்தோர், பருவம் முடிந்ததும் ஊர் திரும்புவது வழக்கம். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே ஆண்டு முழுவதும் கைகளை வேண்டுவது. ஆடவரும் பெண்டிரும் பிள்ளைகளுமாய்க் குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. வந்து போவோர், வாழ்வோர் ஆயினர். அவர்கள் பெயர்கள் செக்ரோலில் ஏறின. ஒரு நாட் சம்பளத்தையே ‘பேர்’ என்று சொல்லும் வழக்குத் தோட்டத்தில் எழுந்ததை நேயர்கள் அறிவீர்கள். குறித்த நிறைக்குக் கொழுந்து எடாதவருக்கு ‘அரைப் பேர்’. பெயர் விழுந்தாற் சோறு; விழாவிட்டால் இல்லை.

பின்னர் அப்பெயர் சோற்றினும் பெரிய காரியத்துக்கு வேண்டியதாயிற்று. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தோர், 1946 ஜனவரி முதலாந் தேதிக்கு முன்னர் மணமானவராயின் ஏழாண்டும், மணமாகாதவராயிற் பத்தாண்டும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்ததற்குச் சான்று காட்ட வேண்டியிருந்தது. சான்று எங்கே கிடைக்கும்? தோட்டத்துப் பதிவேடுகளிலும் பாடசாலை இடாப்புகளிலுந்தானே! எழுதப்படிக்க வாய்ப்பில்லாத மக்களின் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதினோர் தத்தம் செவிக்கு எட்டியவாறு எழுதினர். பழனியம்மாள் ஓரேட்டில் ஒருவகையாகவும் மற்றோரேட்டில் வேறு வகையாகவும் எழுதப்பெற்றால், இருவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் சுமை பழனியம்மாளின் தலைமேல் ஏறும்.

1964 ஒக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்ணிக்கையாற் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னொரு முடிவுக்கு. எஞ்சி நின்றோரின் இன்னல் 2003ஆம் ஆண்டின் சட்டம் வரையில் நீண்டது. எண்ணிக்கையாகிவிட்ட மக்கள் தம்மை மனிதராக மீட்டுக் கொள்வதற்குப் பிடித்த கயிறு, ஏதோ ஓர் ஏட்டிற் பதிந்து கிடந்த தம் பெயரேயாகும்.

இனி, அந்தப் பெயர் எந்திரத்தின் கைக்கு வந்த கதைக்கு வருவோம்.

247 எழுத்துகளையுடைய தமிழை ஒரு சிறிய தட்டச்சுப் பொறியின் விசைகளில் அடக்குவது எளிதன்று. 1886இல் யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வாழ்ந்த ஆர். முத்தையா அதைச் சாதித்துத் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் தந்தை எனப் பெயர் பெற்றார். கொம்பு, கால், புள்ளி முதலியவற்றைத் தனித்தனியே பிரித்து, மெய்யோடு இணைத்துக் கொள்ளும் உபாயமே அப்பொறியின் உயிர். தட்டச்சில் ஒரு நற்குணம் உண்டு. தாளில் ஒரு முறை பதிந்த எழுத்து, பொறி மாறினாலும் மாறாது. பொறி துருப்பிடித்துக் குப்பையிற் போனாலும் தாள் தமிழாகவே நிற்கும்.

கணினியில் அவ்வாறன்று. அங்கே எழுத்து எழுத்தாக இருப்பதில்லை, எண்ணாக இருக்கிறது. அவ்வெண்ணை எழுத்தாக்கிக் காட்டுவதற்குள் பல கைகள் சேர வேண்டும். அவற்றுள் தலையாயது பணிசெயல் முறைமை. அது யாதெனின், தோட்டத்து உவமையாற் சொல்வேன். விடியற்காலைப் பிரட்டிலே கணக்கப்பிள்ளை நின்று, இன்னார் இந்த மலைக்குக் கொழுந்துக்கு, இன்னார் கவ்வாத்துக்கு, இன்னார் புல்வெட்டுக்கு என்று ஆள் பிரிப்பாரல்லவா? அதைப்போலவே கணினியின் உள்ளுறுப்புகளுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுப்பது இம்முறைமை. கணக்கப்பிள்ளை மாறினால் வேலை நடக்கும் ஒழுங்கும் சற்று மாறத்தானே செய்யும்?

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் 1985இல் வெளிவந்தது. 1995ஆம் ஆண்டுப் பதிப்பு, திரையின் கீழ் இடமூலையிலே தொடக்கப் பொத்தானை வைத்தது. 2012இல் வந்த எட்டாம் பதிப்பு அதனை எடுத்துவிட்டது, பாவனையாளர் திகைத்தனர், அடுத்த ஆண்டிலேயே பொத்தான் மீண்டு வந்தது. 2021இல் வந்த பதினோராம் பதிப்பு அதனை நடுவிற் கொண்டுபோய் வைத்தது. பழைய பதிப்புகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்குவதும் ஒவ்வொன்றாய் நின்றது. எக்ஸ்பி என்னும் பதிப்புக்கு 2014 ஏப்ரல் 8இலும், ஏழாம் பதிப்புக்கு 2020 ஜனவரி 14இலும், பத்தாம் பதிப்புக்கு 2025 ஒக்டோபர் 14இலும் ஆதரவு முடிவுற்றது. பதினோராம் பதிப்போ பாதுகாப்புக்கெனத் தனிச்சில் ஒன்றை வேண்டுவது. ஆகவே பழைய மடிக்கணினிகள் பல அதற்குத் தகுதியற்றவையாயின. மாற்றத்தை நாம் விரும்பினும் விரும்பாவிடினும், அது நம் வாயிலுக்கு வந்தே தீரும்.

இம்மாற்றங்களுக்கிடையே தமிழ் எவ்வாறு வாழ்ந்தது? தொடக்கக் காலத்து விண்டோஸ் தமிழை அறியாது. ஆகவே நம்மவர் ஓர் உபாயஞ் செய்தனர். ஆங்கில எழுத்துக்குரிய எண்ணை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குத் தமிழ் வடிவத்தை மட்டும் போர்த்தனர். அத்தகைய எழுத்துருக்களுள் இலங்கையிற் பெருவழக்குப் பெற்றது பாமினி. அதிலே ஜே என்னும் விசையைத் தட்டினால் திரையில் ‘த’ தோன்றும்; ஆனால் உள்ளே இருப்பது ஜே தான். மலையகத்துக் காமன் கூத்திலே ரதி வேடம் கட்டிய ஆடவரைக் கண்டிருப்பீர்கள். வேடம் உள்ளவரையில் அவர் ரதி. வேடம் கலைந்தால் நம் அண்டை வீட்டுக்காரர். புதிய முறைமை நிறுவப்பட்டபோது எங்கள் மடிக்கணினியில் நேர்ந்தது அதுவே. பாமினி என்னும் வேடம் அதிலே வைக்கப்படவில்லை. உள்ளிருந்த ஆங்கிலம் வெளிப்பட்டது. குற்றம் புதிய முறைமையினது அன்று. வேடத்தை மெய்யென்று நம்பி இருபது ஆண்டு வாளாவிருந்த எங்களுடையதே.

மெய்யான உருவம் 1991இலேயே தோன்றிவிட்டது. அவ்வாண்டு வெளிவந்த யூனிகோட் என்னும் ஒருங்குறி, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி எண் வழங்கிற்று. தமிழுக்கும் ஓர் இடம் ஒதுக்கிற்று. ‘க’ என்பதற்கு 2965. ‘ழ’ என்பதற்கு 2996. அந்த எண் வேறெந்த மொழியின் எழுத்துக்கும் உரியதன்று. செக்ரோலில் ஆளுக்கோர் எண் உண்டு. துரை மாறினாலும் ஆளின் எண் மாறுவதில்லையன்றோ? அதுபோலவே எந்த நிறுவனத்தின் கணினியிலும், எந்த முறைமையிலும், 2965 என்றாற் ‘க’ என்பதே பொருள். விண்டோஸ் 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இத்தமிழை ஏற்றது. பாமினிக்குப் பழகிய விரல்கள் அஞ்ச வேண்டியதில்லை. அதனை ஒத்த ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பை இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் 2008ஆம் ஆண்டுத் தரத்தில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. விரலுக்குப் பழைய வழி. ஏட்டுக்குப் புதிய உறுதி.

மீண்டும் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறேன். ஆசிரியர் ஒருவரின் பழைய கணினியிலிருந்து பாமினி எழுத்துருவை எடுத்து வந்து நிறுவினோம். ஒரு கணத்தில் ஆங்கிலம் மறைந்து தமிழ் தோன்றியது. நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு நடுவே தம் பெயரை அப்பெண்மணியே முதலிற் கண்டு விரலால் தொட்டுக் காட்டினார். தந்தையின் பெயரும் பிறந்த தேதியும் அதன் அருகே இருந்தன. பத்திரம் எழுதிக் கொடுத்தோம். அவர் சென்ற பின்னரும் என் நெஞ்சு அமைதியுறவில்லை. அந்த ஒரு பழைய கணினி கிடைத்திராவிட்டால்?

அன்று தொடங்கி, பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியில் இறங்கினோம். மாற்றித் தரும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனினும் எந்திரம் மாற்றியதை மனிதக் கண் சரிபார்த்தே ஆக வேண்டும். ஏனெனில் வேடக் காலத்தில் ரகரமும் காலும் வடிவில் ஒன்றாகவே தோன்றியமையால், தட்டெழுதியோர் ஒன்றுக்கு மற்றொன்றைத் தட்டிவிட்டிருந்தனர். கண்ணுக்கு அவை ஒன்று, கணினிக்கு இரண்டு. ராமாயி என்னும் பெயர், மாற்றிய பின்னர் முதலெழுத்தே இல்லாமல், இரண்டு காலோடு தொடங்கக் கண்டோம். இத்தகைய பிழைகளை மேல்வகுப்பு மாணவர் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் மூல இடாப்பின் எஞ்சிய தாள்களோடு ஒப்புநோக்கித் திருத்தினோம். தம் பாட்டியாரின் பெயரை அவ்வேட்டிற் கண்டு வியந்த பிள்ளைகளும் உண்டு.

புதிய முறைமை வருமுன் செய்ய வேண்டியவை மூன்று என்பது நாங்கள் கற்ற பாடம். முதலாவது, கோப்புகளை வேறோர் இடத்திலும் படியெடுத்து வைத்தல். இரண்டாவது, பழைய எழுத்துருவில் உள்ளவற்றை ஒருங்குறிக்கு மாற்றிச் சரிபார்த்தல். மூன்றாவது, முக்கியமான இடாப்புகளைத் தாளிலும் அச்சிட்டு ஈரம் புகாத இடத்திற் காத்தல். இம்மூன்றும் முடிந்த பின்னர், பொத்தான் இடப்பக்கம் இருந்தாலென்ன, நடுவில் இருந்தாலென்ன? அதைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதும்.

கோப்பி போய்த் தேயிலை வந்தபோது நம் முன்னோர் புதிய தொழிலைக் கற்றுக்கொண்டனர். கொழுந்து எடுக்கும் நேர்த்தியை உலகமே வியக்கக் கற்றுக்கொண்டனர். அவர்களால் இயலாமற் போனது ஒன்றே. தம் பெயரைத் தாமே பிழையின்றி ஏட்டில் எழுதி வைக்கும் ஆற்றல் அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது. அவ்வாற்றல் இன்று நம் கையில் இருக்கிறது. நேயர்களுள் பாடசாலை அதிபர்களும், தோட்டத்து இலிகிதர்களும், கோயில், சங்கம் முதலியவற்றின் செயலாளர்களும் இருப்பீர்கள். உங்கள் அலுவலகக் கணினியிலும் பாமினியில் எழுதிய பழைய பட்டியல் ஒன்று உறங்கிக் கிடக்கக்கூடும். அடுத்த மாற்றம் வருமுன் அதை ஒரு முறை திறந்து பாருங்கள். அதிலுள்ள யாரேனும் ஒருவர், என்றேனும் ஒரு நாள், தம் பெயரைத் தேடி உங்கள் வாயிலுக்கு வருவார்.