நாய் டப்பாவில் என்ன இருக்கிறது? ஒரு நூறு வருஷக் கதை

எங்கள் வீட்டு மணிக்கு 11 வயது. கிட்னி கொஞ்சம் சரியில்லை என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும் டாக்டர் ஒரு டப்பா உணவை எழுதிக் கொடுத்தார். வாங்கி வந்து லேபிளைப் பார்த்தால் புரதம் குறைந்தபட்சம் 4 சதவீதம் என்று போட்டிருக்கிறது. இத்தனை நாள் வாங்கிக்கொண்டிருந்த உலர் உணவுப் பையில் 20. "என்னங்க இது, அஞ்சு மடங்கு கம்மி, விலை மட்டும் இவ்வளவா?" என்று வீட்டில் கேட்டார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. அன்றைக்கு ராத்திரி தேட ஆரம்பித்தது, மூன்று வாரம் போய்விட்டது. அந்தக் குறிப்புகள்தான் இது.

முதலில் கணக்கை முடித்துவிடலாம். டப்பாவில் ஈரம் 76 சதவீதம். அதாவது 100 கிராமில் உணவு என்று இருப்பதே 24 கிராம். அதில் 4 கிராம் புரதம் என்றால், உலர்ந்த நிலையில் 16.7 சதவீதம். பையில் ஈரம் 10 சதவீதம், ஆக 20 என்பது 22.2. ஐந்து மடங்கு வித்தியாசம் எங்கே போச்சு? தண்ணீரில் போச்சு. சாதாரண டப்பா ஒன்றை எடுத்தால் இன்னும் வேடிக்கை. 8 சதவீதப் புரதம், 78 சதவீத ஈரம் என்று போட்டிருந்தால் உலர் கணக்கில் அது 36. பையை விட அதிகம். தண்ணீரைக் கழிக்காமல் டப்பாவையும் பையையும் ஒப்பிடுவது ரசத்தையும் ரசப்பொடியையும் ஒப்பிடுகிற மாதிரி.

சரி, இந்த 'புரதம்' என்ற எண்ணை யார், எப்படி அளக்கிறார்கள்? இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் டப்பா எப்படி வந்தது என்று பார்த்துவிடுவோம்.

கடையில் விற்கிற நாய் உணவின் தொடக்கம் டப்பா இல்லை, பிஸ்கட். இங்கிலாந்தில் இடிதாங்கி விற்கப் போன அமெரிக்கர் ஜேம்ஸ் ஸ்ப்ராட் 1860 வாக்கில் நாய் பிஸ்கட் வியாபாரத்தை ஆரம்பித்தார். டப்பா வந்தது 1922ல். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலம் ராக்ஃபோர்டில் சாப்பல் பிரதர்ஸ் கம்பெனி 'கென்-எல் ரேஷன்' என்ற பெயரில் கொண்டுவந்தது. உள்ளே இருந்தது குதிரை இறைச்சி. அதை மறைக்கவும் இல்லை, அரசு ஆய்வு செய்த குதிரை இறைச்சி என்று பெருமையாகவே விளம்பரம் செய்தார்கள். ரின் டின் டின் நாய் வரும் ரேடியோ தொடருக்கு ஸ்பான்சரும் அவர்களே.

ஏன் குதிரை? 1915 வாக்கில் அமெரிக்காவில் 2 கோடிக்கும் மேல் குதிரைகள் இருந்தன. காரும் டிராக்டரும் வந்ததும் அவற்றுக்கு வேலை போய்விட்டது. முதல் உலகப் போரும் முடிந்துவிட்டதால் ராணுவத்துக்கும் வேண்டாம். மேற்கு மாநிலங்களின் மேய்ச்சல் நிலங்களில் மஸ்டாங் என்கிற காட்டுக் குதிரைகள் வேறு. பண்ணைக்காரர்களுக்கு அவை தொல்லை, பிடித்து ரயிலேற்றினால் காசு. அமெரிக்காவின் அடையாளம் என்று இன்றைக்குப் போஸ்டரில் போடுகிற அதே குதிரைகள்தான். எல்லோரும் இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவில்லை. 1920களில் ராக்ஃபோர்டு ஆலையைத் தகர்க்க டைனமைட்டோடு போய் மாட்டிக்கொண்ட ஆள்கூட உண்டு.

முதல் டப்பாவின் 'தரம்' என்பது ஊட்டச்சத்து விஞ்ஞானத்தில் பிறந்ததில்லை. உபரியாக ஒரு மிருகம் இருந்தது, கெடாமல் வைக்கத் தகர டப்பா இருந்தது, அவ்வளவுதான். இதே சாப்பல் கம்பெனியின் இங்கிலாந்துக் கிளையை 1930களின் நடுவில் ஃபாரஸ்ட் மார்ஸ் வாங்கினார். சாக்லேட் மார்ஸ்தான். 'சாப்பி' என்ற பெயரில் வளர்ந்த அந்தத் தொழில்தான் பின்னால் பெடிக்ரீ ஆனது. நம் ஊர் மளிகைக் கடையில் தொங்குகிற மஞ்சள் பாக்கெட்டின் பூர்வீகத்தில் ஒரு குதிரை நிற்கிறது.

இரண்டாம் உலகப் போரில் தகரத்துக்குத் தட்டுப்பாடு. நாய் உணவுக்கெல்லாம் தகரம் கிடையாது என்று அமெரிக்க அரசு கையை விரித்ததும், அதுவரை சந்தையின் பெரும்பகுதியை வைத்திருந்த டப்பா காணாமல் போய் உலர் உணவு அந்த இடத்தைப் பிடித்தது. போர் முடிந்து டப்பா திரும்பி வந்தபோது அதற்கு ஒரு புது ஆயுதம் தேவைப்பட்டது. "அவன் தானியம் போடறான், நாங்க இறைச்சி போடறோம்." 1960களில் ஆல்போ விளம்பரத்தில் 'பொனான்ஸா' நடிகர் லார்ன் கிரீன் வந்து இதைத்தான் சொன்னார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாய் இறைச்சி தின்கிற பிராணிதானே? ஆனால் தசை இறைச்சியில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் 15 முதல் 20 பங்கு. நாய்க்குத் தேவை 1:1க்கும் 2:1க்கும் நடுவில், கால்சியம் பக்கம் கனமாக. ஓநாய் எலும்பையும் சேர்த்துக் கடிக்கிறது, அதனால் தப்பிக்கிறது. தாது உப்பு சேர்க்காத வெறும் இறைச்சியை மட்டுமே மாதக்கணக்கில் போட்டால், ரத்தத்தில் கால்சியத்தைச் சமன்செய்ய உடம்பு எலும்பிலிருந்தே உருவும். குட்டிகளுக்கு எலும்பு வளையும், லேசான குதியில் முறியும். நல்ல ஆல்போ மாதிரி டப்பாக்களில் தாது உப்பு சேர்த்துத்தான் இருந்தார்கள். ஆனால் 'இறைச்சி மட்டுமே நல்லது' என்ற நம்பிக்கை டப்பாவைத் தாண்டி வீட்டுச் சமையலறைக்கும் போனது. 1969ல் அமெரிக்காவின் எஃப்.டி.சி. நாய், பூனை உணவு விளம்பரங்களுக்கென்றே வழிகாட்டி நெறிகள் போட வேண்டியிருந்தது.

பெயர் வைப்பதற்கும் விதி வந்தது. ஆஃப்கோ என்கிற மாநில அதிகாரிகளின் சங்கம் வகுத்த மாதிரி விதிகள் இப்படி: 'பீஃப் டாக் ஃபுட்' என்றால் சேர்த்த தண்ணீரைக் கழித்து 95 சதவீதம் பீஃப் வேண்டும். 'பீஃப் டின்னர்' என்றால் 25 போதும். 'வித் பீஃப்' என்றால் 3. 'பீஃப் ஃபிளேவர்' என்றால் வாசனை தெரிந்தால் சரி. 'வித்' என்ற ஒரு சின்ன வார்த்தையின் விலை 92 சதவீதம்! லேபிளில் நான் இப்போது முதலில் தேடுவது அந்த வார்த்தையைத்தான். இன்னொன்று, ஆஃப்கோ எந்த டப்பாவையும் சோதிப்பதும் இல்லை, அங்கீகரிப்பதும் இல்லை. 'ஆஃப்கோ அப்ரூவ்ட்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாய்களுக்கே போட்டுப் பார்க்கும் சோதனை ஒன்று இருக்கிறது. வளர்ந்த நாய்க்கு என்றால் குறைந்தது 8 நாய்கள், 26 வாரம், அதில் 6 முடித்தால் பாஸ். எங்கள் ஆபீஸ் பாஷையில் இது ஸ்மோக் டெஸ்ட். உடனே வெடிக்காது என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம்.

இப்போது அந்தப் புரத எண்ணுக்கு வருகிறேன். 1883ல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் பீர் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் யோஹான் கெல்டால் ஒரு முறையைக் கண்டுபிடித்தார். தானியத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து அதிலுள்ள நைட்ரஜனை அளப்பது. புரதத்தில் சுமார் 16 சதவீதம் நைட்ரஜன், ஆகவே கிடைத்த நைட்ரஜனை 6.25ஆல் பெருக்கினால் புரதம். லேபிளில் 'க்ரூட் புரோட்டீன்' என்று வருவது இந்த எண். அதாவது யாரும் புரதத்தை அளக்கவில்லை, நைட்ரஜனை அளந்துவிட்டுப் புரதம் என்று எழுதுகிறார்கள். கால்நடை ஊட்டச்சத்துப் பாடங்களில் ஒரு பழைய வேடிக்கை உண்டு: பழைய தோல் ஷூ, வண்டி ஆயில், நிலக்கரித் தூள் மூன்றையும் கலந்தால் நாய் உணவு லேபிளுக்குத் தேவையான புரதம், கொழுப்பு, நார் எல்லாம் கணக்கில் வந்துவிடும்.

2007ல் அது வேடிக்கையாக இல்லை. மார்ச் 16 அன்று கனடாவின் மெனு ஃபுட்ஸ் கம்பெனி 6 கோடி டப்பாக்களையும் பவுச்சுகளையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. வேறு வேறு பெயரில், வேறு வேறு விலையில் விற்ற பல டஜன் பிராண்டுகள் ஒரே கம்பெனியின் அடுப்பிலிருந்து வந்தவை என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது. நாய்களும் பூனைகளும் கிட்னி செயலிழந்து செத்துக்கொண்டிருந்தன. முதலில் எலி விஷம் என்று சந்தேகப்பட்டார்கள். மாத முடிவில் மெலமின் என்று தெரிந்தது. தட்டு, டீப்பாய் மேல்பூச்சு செய்கிற அதே மெலமின். சீனாவிலிருந்து கோதுமைப் புரதம் என்று வந்த மாவில் இருந்தது.

ஏன் மெலமின் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் எடையில் 66.6 சதவீதம் நைட்ரஜன். 6.25ஆல் பெருக்கினால் 416. மாவில் ஒரு கிலோ மெலமினைக் கலந்தால் கெல்டால் சோதனையில் நான்கு கிலோவுக்கும் மேல் 'புரதம்' என்று காட்டும். கலந்தவனுக்கு வேதியியல் நன்றாகத் தெரிந்திருக்கிறது, சோதனை என்ன பார்க்கிறது, என்ன பார்க்காது என்பதும் தெரிந்திருக்கிறது. மெலமின் சயனூரிக் அமிலத்தோடு சேர்ந்து சிறுநீரகக் குழாய்களில் படிகமாக உறைந்தது. அடுத்த வருஷமே சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் இதே மெலமின். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தன. நாய் டப்பாவை எல்லோரும் இன்னும் கொஞ்சம் சீரியஸாக எடுத்திருக்கலாமோ என்று எனக்கு இன்றும் தோன்றும்.

மணியின் டப்பாவுக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. பார்வையற்ற மாரிஸ் ஃபிராங்க் அமெரிக்காவில் வழிகாட்டி நாய்களைப் பிரபலமாக்கியவர். தன் நாய்கள் எல்லாவற்றுக்கும் பட்டி என்றே பெயர் வைத்தவர். 1939 வாக்கில் பட்டிக்குக் கிட்னி கோளாறு. நியூஜெர்சியில் மார்க் மாரிஸ் என்ற கால்நடை மருத்துவர், கிட்னிக்குச் சுமை குறைகிற மாதிரி ஒரு உணவைத் தயாரித்துக் கொடுத்தார். வீட்டுச் சமையலறையில் மனைவியோடு சேர்ந்து கண்ணாடி ஜாடியில் அடைத்து அனுப்ப, வழியில் ஜாடிகள் உடைந்தன. பிறகு தகர டப்பாவும் கையால் மூடுகிற கருவியும் வந்தன. 1948ல் கான்சஸ் மாநிலம் டொபேகாவின் ஹில் கம்பெனியிடம் தயாரிப்பு போனது. அதுதான் கே/டி. உபரிக்காக இல்லாமல், ஒரு நாயின் நோயைப் பார்த்துச் செய்த டப்பா. 2002ல் கிட்னி நோயுள்ள 38 நாய்களை இரண்டு ஆண்டுவரை கவனித்த ஆய்வில், இவ்வகை உணவு சாப்பிட்ட நாய்களுக்கு நெருக்கடி தள்ளிப்போனது, ஆயுளும் கூடியது. சோகம் என்னவென்றால், 2019ல் அதே ஹில்ஸ் கம்பெனி, வைட்டமின் டி அளவுக்கு மீறியதால் பல டப்பாக்களைத் திரும்பப் பெற வேண்டி வந்தது. அதிக வைட்டமின் டி தாக்குவதும் கிட்னியைத்தான்.

கிட்னி நாய்க்குப் புரதத்தைவிட முக்கியமான எண் பாஸ்பரஸ். லேபிளில் அது இல்லை. டப்பா கம்பெனிக்கு மெயில் போட்டேன். எட்டு நாளில் பதில் வந்தது: 1000 கலோரிக்கு 0.55 கிராம். ஆஃப்கோ கணக்கில் ஆரோக்கியமான வளர்ந்த நாய்க்குக் குறைந்தபட்சமே 1 கிராம். டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'முழுமையான சமச்சீர் உணவு' என்ற வரி அதில் இல்லை, மருத்துவர் மேற்பார்வையில் மட்டும் கொடுக்கவும் என்றுதான் இருந்தது. அந்த வரி இல்லாததைத்தான் முதல் நாள் நான் குறையாக நினைத்தேன். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.